அரிப்பு டொரிக் மாளிகையும் அல்லிராணி கோட்டையும்: ஒரு திறனாய்வு

கட்டிடக்கலை பற்றித் தமிழில் எழுந்த ஆய்வுகளுட் பெரும்பாலானவை கோயில்களையே பொருளாகக் கொண்டுள்ளன. விமானம், கோபுரம், மண்டபம், தூண் ஆகியவற்றின் அமைப்பும் வளர்ச்சியும் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. மனிதர் வாழ்ந்த வீடுகளும் ஆள்வோர் தங்கிய மாளிகைகளும் அத்துணைக் கவனத்தைப் பெறவில்லை. அவற்றுள்ளும் அந்நியராட்சிக் காலத்தில் எழுந்தவை, நம்மவர்க்கு உரியன அல்ல என்ற எண்ணத்தினால் முற்றாகவே ஒதுக்கப்பட்டுள்ளன எனலாம். இலக்கியத்தைத் திறனாய்வு செய்பவர் அதன் உருவம், உள்ளடக்கம், அது தோன்றிய சமூகச் சூழல் ஆகிய மூன்றையும் ஒருங்கே நோக்குவர். அம்முறையினை ஒரு கட்டிடத்துக்குப் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இங்கு எடுத்துக்கொள்ளப்படுவது, மன்னார் மாவட்டத்தில் அருவியாறு கடலொடு கலக்கும் இடத்துக்கு அண்மையில், அரிப்புக் கடற்கரையில் இடிந்து நிற்கும் ஆங்கிலத் தேசாதிபதி ஒருவரின் மாளிகை. ஏடுகளில் இதற்குப் பெயர் ‘டொரிக்’. ஊரவர் வழக்கில் இது ‘அல்லிராணி கோட்டை’. ஒரே கட்டிடத்துக்கு இரு பெயர்கள் வழங்குகின்றன. அவற்றின் பின்னே இரு விளக்கங்கள் உள்ளன. அவ்விரண்டும் எதை வெளிப்படுத்துகின்றன, எதை மறைக்கின்றன என்பதே நம்முன் உள்ள வினா.

அரிப்பு மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்ததாயின், வன்னி பற்றிய ஆய்விலே அதனைச் சேர்ப்பது பொருந்துமோ என்று சிலர் வினவலாம். அநுராதபுரப் பகுதியிலிருந்து வரும் அருவியாறு வன்னிக் காடுகளின் தென்மேற்கு எல்லையை அணைந்தே கடலை அடைகின்றது. கண்டி அரசனிடம் பத்தொன்பது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த றொபேர்ட் நொக்ஸ், 1679-ஆம் ஆண்டு ஒக்ரோபரில் இவ்வாற்றின் வழியே காடு கடந்து வந்து, அரிப்பிலிருந்த ஒல்லாந்தரின் சிறு கோட்டையிலேயே புகலடைந்தார். ஆற்றினால் இணைந்த இந்நிலப்பரப்பு, மாவட்ட எல்லைகளுக்கு முந்தியது. அன்றியும், இம்மாளிகை எழுந்த ஆண்டுகளும் வன்னியின் இறுதிப் போராட்டம் நிகழ்ந்த ஆண்டும் ஒன்றே. ஆதலின் ஒன்றை விடுத்து மற்றொன்றை விளங்கிக்கொள்ளுதல் அரிது.

1. உருவம்

இலங்கையின் முதலாவது பிரித்தானியத் தேசாதிபதியாக 1798 முதல் 1805 வரை பதவி வகித்தவர் பிரெடெரிக் நோர்த். முத்துச் சலாபம் நடைபெறும் காலங்களில் தாம் வந்து தங்குதற்பொருட்டு, 1801-க்கும் 1804-க்கும் இடையில் இம்மாளிகையை எழுப்புவித்தார். கடலை நோக்கிய மேட்டுநிலத்தில், மாடியுடன், பருத்த வட்டத்தூண்கள் முன்னிற்க அமைந்தது இது. தூண்கள் கிரேக்கரின் டொரிக் முறையைத் தழுவியன. அதனாலேயே மாளிகைக்கும் அப்பெயர் வாய்த்தது.

மன்னார்க் கடற்கரையில் கிரேக்கத் தூண் ஏன் என்ற வினா இயல்பாகவே எழும். விடை ஓரளவு நோர்த்தின் தனிவாழ்விலேயே உள்ளது. அவர் கிரேக்கப் பண்பாட்டில் மிக்க ஈடுபாடு கொண்டவர். இலங்கைக்கு வருமுன்னரே கோர்பு தீவுக்குச் சென்று கிரேக்க வைதிகத் திருச்சபையிற் சேர்ந்தவர். பிற்காலத்தில், 1824-இல், அதே தீவில் அயோனியக் கல்விக்கழகம் தோன்றக் காரணராயிருந்தவர்.

எனினும் இதனை ஒருவரது தனிவிருப்பாக மாத்திரம் கொள்ளலாகாது. ஸ்ருவேட், ரெவெற் என்னும் இருவர் ஏதென்ஸ் நகரத்துப் பழங்கட்டிடங்களை அளந்து வரைந்து வெளியிட்ட பெருநூலின் முதற்றொகுதி 1762-இல் வெளிவந்தது. அவருள் ஸ்ருவேட் என்பார் 1758-இலேயே ஹாக்லி என்னுமிடத்துப் பூங்காவில் டொரிக் முறையில் ஒரு சிறு கோயிலை அமைத்திருந்தார். அதன்பின் இங்கிலாந்தின் செல்வர் தம் நாட்டுப்புற மாளிகைகளுக்குக் கிரேக்க முகப்பு அமைப்பதைப் பெருமையாகக் கருதத் தொடங்கினர். ஹாம்ப்ஷயர்ப் பகுதியிலுள்ள ‘கிரேஞ்ச்’ என்னும் மாளிகை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. பதினேழாம் நூற்றாண்டில் எழுந்த அச்செங்கல் வீட்டை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் வில்லியம் வில்கின்ஸ் என்னும் கட்டிடக் கலைஞர் சீமெந்துச் சாந்தினாற் போர்த்து, முன்னே பெருந்தூண்களை நிறுத்தி, கிரேக்கக் கோயில் போலத் தோன்றச் செய்தார். தூரத்தே நின்று காண்பார்க்கு அது கல் மாளிகை. அண்மையிற் சென்றால் செங்கல்லும் பூச்சுமே. அரிப்பு மாளிகையும் ஏறக்குறைய அதே காலத்தது, அதே இயல்பினது.

2. பொருள்

நம்மவர் வழக்கில் ‘கல்வீடு’ என்ற சொல் கருங்கல்லால் ஆன வீட்டை மாத்திரம் குறிப்பதன்று. மண்சுவரும் ஓலைக்கூரையும் கொண்ட வீட்டினின்று வேறுபட்டு, செங்கல்லாலோ முருகைக்கல்லாலோ சுண்ணாம்புச் சாந்து கொண்டு கட்டப்பெற்ற எவ்வீடும் கல்வீடே. அச்சொல்லிற் பொருளின் தன்மையை விடக் குடியிருப்பவரின் நிலையே பெரிதும் சுட்டப்படுகிறது. இப்பொருளில் நோக்கின், டொரிக் மாளிகை இப்பகுதிக்கு ஆங்கிலேயர் வைத்த கல்வீடு எனலாம். ஆனால் அதன் தூண்களிற் கல் இல்லை. பூச்சு உதிர்ந்த இடங்களிலெல்லாம் செங்கல்லே தெரிகின்றது.

கலை வரலாற்றில் இத்தகைய போலச்செய்தல் புதிதன்று. டொரிக் தூணின் மேலமைந்த விட்டப்பகுதியிற் காணும் வரிப்பட்டைகள் ஆதியில் மரவிட்டங்களின் முனைகளாக இருந்தவை என்று உரோமக் கட்டிடநூலாசிரியராகிய விற்றுருவியசு கூறியுள்ளார். மரத்தாற் செய்ததைக் கிரேக்கர் கல்லாற் செய்தனர். நம்மிடையிலும் மாமல்லபுரத்துத் திரௌபதி இரதம் ஓலைக் குடிசையின் வடிவைக் கல்லிற் காட்டுகின்றது. ஆயினும் இவற்றுக்கும் அரிப்புக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. மாமல்லபுரத்துச் சிற்பி தன் மக்கள் அறிந்த குடிசையை அழியாப் பொருளில் ஆக்கினான். அரிப்பிலோ, இம்மண்ணிற் காணாத நாட்டின் கல்வடிவம், இம்மண்ணிற் கிடைத்த செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் ஆக்கப்பட்டது. முன்னது பழகியதை நிலைபெறச் செய்தது. பின்னது பழகாததைக் காட்டி மதிப்பைப் பெற முயன்றது.

இவ்வாறு கூறுவதால் அதன் தொழில்நுட்பத்தைக் குறைத்து மதிப்பிடுவதாகக் கொள்ளலாகாது. வட்டத்தூணைச் செங்கல்லால் எழுப்புவது எளிய செயலன்று. கல்லை வளைவுக்கேற்பத் தறித்து, வரிக்கு வரி இணைப்பு மாறுமாறு அடுக்கி, மேலே செல்லச் செல்லச் சுற்றளவு சிறுக்குமாறு நூல்பிடித்துச் செல்லவேண்டும். பின்னர் சுண்ணாம்பைக் குழைத்து, பூசி, தேய்த்து மெருகிடல் வேண்டும். கடலோர நாடுகளிற் சிப்பியையும் முருகைக்கல்லையும் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்துப் பயன்கொள்ளும் அறிவு மிகப் பழையது. அதனை ஏதென்ஸ் பற்றிய நூல் கற்பிக்கவில்லை. வரைபடம் கிரேக்கத்தினின்று இங்கிலாந்தின் வழி வந்ததாயினும், அதனை நிலைநிறுத்திய கைத்திறன் கீழைத்தேயத்ததே.

இம்மாளிகையை முதன்முதலிற் பாராட்டி எழுதியவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் கோர்டினர். கொழும்புப் படைக்குக் குருவாகப் பணியாற்றிய அவர், 1807-இல் இலங்கை பற்றி இரு தொகுதிகளில் ஒரு நூல் வெளியிட்டார். இத்தீவிலுள்ள கட்டிடங்களுள் அரிப்பு மாளிகையே மிக அழகியது என்றும், கட்டிடக்கலை முறையொன்றுக்கு அமையத் திட்டமிடப்பட்டது ஏறத்தாழ இது ஒன்றே என்றும் அவர் அதிற் கருத்துரைத்தார். இக்கூற்றின் முற்பகுதி சுவை பற்றியது. அதனை மறுக்க வேண்டியதில்லை. பிற்பகுதியோ ஆராயற்பாலது. அநுராதபுரத்துத் தாதுகோபங்களும் பொலன்னறுவைச் சிவாலயங்களும் எம்முறைக்கும் அமையாது எழுந்தனவா? மயமதம், மானசாரம் முதலிய சிற்பநூல்கள் தூணின் உயரத்துக்கும் விட்டத்துக்கும் வகுத்த அளவுகள் முறையன்றி வேறென்ன? கோர்டினர் ‘முறை’ என்று கொண்டது கிரேக்க, உரோம முறையை மாத்திரமே. தன் அளவுகோலை உலகின் அளவுகோலாகக் கொள்ளும் இவ்வியல்பு அவர் ஒருவரது குறையன்று. அது அவ்வாட்சியின் நோக்கு. அந்நோக்கே தூணைக் கண்டது. தூணை அடுக்கியவனைக் காணவில்லை. இந்நாட்டின் கல்லறைகளிலும் நினைவுச் சின்னங்களிலும் உள்ள கல்வெட்டுகளைத் தொகுத்து ஜே. பி. லூயிஸ் 1913-இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் பெயர் பெற்றனர். இத்தகைய மாளிகைகளை எழுப்பிய கொத்தர்க்கு அவ்வாறான கல்வெட்டு எதுவும் எழவில்லை.

3. வருவாய்

மாளிகையின் உள்ளடக்கம் யாது? கட்டிடம் எதன்பொருட்டு எழுந்ததோ அதுவே அதன் உள்ளடக்கம் எனின், அது முத்து. மன்னார்க் கடலின் முத்துப் பார்கள் பாண்டியர் காலந்தொட்டுப் புகழ் பெற்றவை. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அவற்றால் வருவாய் பெற்றனர். 1796-இல் கரையோர மாகாணங்களைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் அவ்வாண்டு முதல் 1798 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் சலாபம் நடத்திப் பார்களை வறிதாக்கினர். 1804-இல் சலாபத்தை 120,000 பவுணுக்குக் குத்தகைக்கு விட்டனர். அவ்வாண்டே மாளிகையும் முற்றுப்பெற்றது. ஆட்சிக்கு இக்கடல் எவ்வளவு பெறுமதியுடையதாய்த் தோன்றியது என்பதை இத்தொகை காட்டும்.

சலாபக் காலத்தில் மாளிகையைச் சூழ்ந்திருந்த உலகினையும் மனத்திற்கொள்ளல் வேண்டும். காற்றடங்கிக் கடல் அமைதியுறும் மாசி, பங்குனி மாதங்களில் வெறுங்கரையில் ஓலைக் கொட்டில்களாலான ஒரு நகரம் எழும். காயல்பட்டினம், கீழக்கரை, தூத்துக்குடி ஆகிய ஊர்களிலிருந்து குளியாட்கள் வருவர். வணிகர், தரகர், சிப்பி வாங்குவோர், சுறாக்களின் வாயைக் கட்டுவதாக மந்திரம் ஓதும் கடல்கட்டிகள் என ஆயிரக்கணக்கானோர் கூடுவர். குளியாள் கல்லொன்றிற் காலூன்றி, மூச்சை அடக்கி, பாரின் அடித்தளத்துக்கு இறங்குவான். எடுத்த சிப்பி ‘கொட்டு’ எனப்படும் வேலியடைத்த இடத்துக்கு வந்து, அங்கே பங்கிடப்படும். பிற்கால வழக்கில் மூன்றில் இரு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளியாளுக்கும் உரியதாயிற்று. சிப்பி அழுகும் நாற்றமும் கொள்ளைநோய் அச்சமும் அக்கரையிற் குடிகொண்டிருந்தன. பருவம் முடிந்தவுடன் ஓலைநகரம் மறையும். ‘சிலாபத்துறை’ என்ற அயலூர்ப் பெயரில் அதன் நினைவு எஞ்சியுள்ளது.

இப்பின்னணியிலேயே மாளிகையின் உயரமும் தூண்களும் முழுப்பொருள் பெறுகின்றன. ஆண்டில் ஒரு சில வாரங்களே தங்குதற்கு இத்துணை நிலையான கட்டிடம் வேண்டியதில்லை. ஓலைக் கொட்டில்களின் நடுவே அசையாத் தூண்களோடு நின்ற மாளிகை, கடலின் விளைவுக்கு உரியவர் யார் என்பதைச் சொல்லாமற் சொல்லிற்று. இதே ஆட்சி, அண்மையிலுள்ள கட்டுக்கரைக் குளத்தை எவ்வாறு நோக்கியது என்பதும் ஒப்பிடத்தக்கது. உழவர்க்கு உயிர்நாடியான அப்பெருங்குளம் சீர்பெறப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. முத்துக்குரிய மாளிகையோ ஆட்சி தொடங்கிய பத்தாண்டுகளுக்குள் எழுந்துவிட்டது.

வருவாய் குன்றியபோது மாளிகையும் மதிப்பிழந்தது. 1837-இன் பின் 1855 வரை சலாபமே நடைபெறவில்லை. 1905-ஆம் ஆண்டுச் சலாபம் பெரும் பொருளீட்டியது. 1906-இல் மறிச்சுக்கட்டிச் சலாபத்திற் கடமையாற்றிய லெனாட் வுல்ப், அவ்வனுபவத்தை அடியாகக் கொண்டு பின்னர் ஒரு சிறுகதை எழுதினார். ஆயினும் 1906-இற் குத்தகை பெற்ற ஆங்கிலக் கம்பனி சில ஆண்டுகளிலேயே நட்டமுற்று ஒழிந்தது. பெருஞ்சலாபங்களின் காலமும் அத்துடன் முடிந்தது.

4. ஆயிரத்து எண்ணூற்று மூன்று

மாளிகையின் சுவர்கள் எழுந்துகொண்டிருந்த காலத்தை வன்னியின் பக்கத்திலிருந்து நோக்குவோம். 1803-ஆம் ஆண்டு தொடக்கத்தில் நோர்த் கண்டி மீது படையெடுத்தார். அவ்வாண்டு யூன் மாதத்திற் கண்டியில் விடப்பட்டிருந்த ஆங்கிலப் படை அழிந்தது. ஒகஸ்ட் 25-ஆம் நாள் பண்டாரவன்னியனின் படை முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றியது. அதன்பின் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய முத்திசைகளிலிருந்தும் வன்னிக்குப் படைகள் ஏவப்பட்டன. ஒக்ரோபர் 31-ஆம் நாள் கற்சிலைமடுவில் பண்டாரவன்னியன் திறிபேர்க் என்னும் படைத்தலைவனால் தோற்கடிக்கப்பட்டான். அவ்விடத்திற் பின்னர் நாட்டப்பட்ட கல் வென்றவரின் மொழியில் வென்றவரின் செயலைப் பொறித்திருந்தது.

மாளிகையை எழுப்புவித்தவரும் இப்படைகளை ஏவிய ஆட்சியின் தலைவரும் ஒருவரே. அரிப்பில் அளவும் அமைதியும் உடைய தூண்வரிசை. முல்லைத்தீவிலும் கற்சிலைமடுவிலும் துவக்கும் நெருப்பும். கலை வேறு, ஆட்சி வேறு என்று கூறி முன்னதைத் தனியே இரசித்தல் இயலுமெனினும், அது முழுமையான மதிப்பீடு ஆகாது. அதேவேளை, ஆட்சி கொடிதாயிருந்தமையால் கலையே இல்லை என்பதும் திறனாய்வு அன்று. அது சினம் மாத்திரமே. தூண்கள் அழகியவை என்பதும், அவ்வழகு யாருடைய உழைப்பினால், எதன் செலவில் எழுந்தது என்பதும் ஒருசேர உண்மையாதல் கூடும். இரண்டையும் தாங்குதலே வரலாற்று நோக்குடைய திறனாய்வின் கடன்.

5. அல்லிராணி

இனி, மற்றைப் பெயரை நோக்குவோம். அல்லி, புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் அல்லியரசாணி மாலை முதலிய மக்கள் இலக்கியங்களின் தலைவி. பாண்டிநாட்டை ஆண்டவளாகவும், ஆடவர்க்கு அடங்காதவளாகவும், அருச்சுனன் சூழ்ச்சியால் மணந்தவளாகவும் அவள் போற்றப்படுகின்றாள். அரிப்புக்குத் தெற்கே உள்ள குதிரைமலையோடும் அவளை இணைத்துக் கதைகள் வழங்குகின்றன. அக்கதைகளின் வழியே தேசாதிபதியின் மாளிகை அல்லிராணியின் கோட்டை ஆயிற்று.

வரலாற்றுச் சான்றாக இப்பெயரைக் கொள்ள இயலாது. கட்டிடத்தின் காலம் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்ததே. பெயரொப்புமையை மாத்திரம் நம்பி வரலாறு எழுதுவதனால் விளையும் இடர்களை நாம் அறிவோம். புறநானூற்றில் வரும் குதிரைமலையையும் அதற்குரிய தலைவர்களையும் மன்னார்க் கடற்கரைக் குதிரைமலையோடு பொருத்திய முதலியார் செ. இராசநாயகத்தின் 1926-ஆம் ஆண்டு நூல் மிக்க உழைப்பின் பயனாயினும், அப்பொருத்தம் ஏனைய ஆய்வாளரால் ஒருமுகமாக ஏற்கப்படவில்லை. பழமைப் பற்று ஆராய்ச்சிக்கு உந்துதலாகலாம், அளவுகோலாதல் கூடாது.

எனினும், தவறான பெயர் என்று கூறி இதனைக் கைவிடுதலும் பிழையே. மக்கள் ஏன் இப்பெயரை இட்டனர் என்பது தனியே ஆராயத்தக்கது. முத்து விளையும் கடலுக்கு உரிமையுடைய அரசி ஒருத்தியை அவர்கள் முன்னரே அறிந்திருந்தனர். அக்கரையில் ஒரு மாளிகை நின்றது, கட்டியவர் போய்விட்டனர், தூண்கள் எஞ்சின. கடலின் செல்வத்தைக் கொண்டுசென்ற தேசாதிபதியின் பெயரை நினைவில் வைத்திருக்க ஊரவர்க்குக் காரணமில்லை. வெறுமையான மாளிகைக்குத் தமக்குரிய தலைவியை அவர்கள் குடியேற்றினர். ஆண்டுக்கணக்கில் இது பிழை. உரிமை பற்றிய உணர்வில் இது பிழையன்று. கோர்டினர் காணத் தவறிய ஒன்றை, அஃதாவது இக்கடலுக்கும் கரைக்கும் ஏற்கெனவே உரியவர் உளர் என்பதை, இப்பெயர் சுட்டுகின்றது.

ஆகவே ஆய்வாளர் செய்யத்தக்கது இரு பெயர்களையும் அவற்றுக்குரிய இடத்தில் வைப்பதாகும். ‘டொரிக்’ என்பது கட்டியவரின் எண்ணத்துக்குச் சான்று. ‘அல்லிராணி கோட்டை’ என்பது அருகே வாழ்ந்தவரின் எண்ணத்துக்குச் சான்று. செங்கல்லும் சுண்ணாம்பும் இரண்டுக்கும் பொதுவான சான்று.

6. இன்றைய நிலை

அப்பொதுச் சான்றே இன்று அழிந்துகொண்டிருக்கிறது. மாளிகை நின்ற மேட்டுநிலத்தைக் கடல் ஆண்டுதோறும் அரித்து வருகின்றது. கட்டிடத்தின் பெரும்பகுதி சரிந்துவிட்டது; எஞ்சிய சுவர்களும் தூண்களும் விளிம்பில் நிற்கின்றன. போர்க்காலமும் தன் பங்கைச் செய்தது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது சிலாபத்துறையும் அயலூர்களும் தம் மக்களை இழந்தன. 2007-இல் இப்பகுதி படைநடவடிக்கைக்கு உள்ளானபோது எஞ்சியிருந்தோரும் இடம்பெயர்ந்தனர். கட்டிடம் சிதைவதோடு அதன் கதைகளை அறிந்த முதியோரும் சிதறினர். தமிழரும் முஸ்லிம்களும் இணைந்து வாழ்ந்த இக்கரையின் வாய்மொழி மரபு இரு சாராரிடமிருந்தும் திரட்டப்படல் வேண்டும்.

முன்னர்க் குறித்த இங்கிலாந்தின் ‘கிரேஞ்ச்’ மாளிகையும் ஒருகாலத்தில் அழிவின் விளிம்பிலேயே நின்றது. 1970-களின் தொடக்கத்தில் அதனை இடித்துவிட எண்ணினர். எதிர்ப்பு எழுந்தது, 1975-இல் அது அரசின் பாதுகாப்பிற்கு வந்தது, இன்றும் நிற்கின்றது. அங்கு காப்பாற்றியது கட்டிடத்தின் வலிமையன்று. அதன் மதிப்பை எடுத்துரைத்தோரின் குரலே.

நமது நாட்டுச் சட்டமும் இதற்கு இடந்தருகின்றது. 1940-ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2-ஆம் நாளுக்கு முற்பட்ட கட்டிடங்களைத் தொன்மைச் சின்னங்களாகக் கொள்ள வழிசெய்கின்றது. அரிப்பு மாளிகை அந்நாளுக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முந்தியது. ஆனால் சட்டத்தினால் அலையைத் தடுக்க இயலாது. கரையைக் காத்தல் அரசின் பெருமுயற்சியை வேண்டும். அதுவரை பல்கலைக்கழகங்கள் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் உள்ளது. 2021-இல் வவுனியாவில் தனிப் பல்கலைக்கழகம் உருவாகியுள்ளது. எஞ்சிய ஒவ்வொரு தூணையும் சுவரையும் அளந்து வரைதலும், செங்கல்லின் அளவையும் சாந்தின் கலவையையும் சோதித்துப் பதிதலும், ஊரவரின் அல்லிராணி கதைகளை ஒலிப்பதிவு செய்தலும் இந்நிறுவனங்களின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டன அல்ல. ஏதென்ஸ் நகரத்து இடிபாடுகளை இருவர் அளந்து வரைந்தமையாலேயே அத்தூண் அரிப்பு வரை வந்தது என்பதை நினைவிற் கொள்ளல் தகும்.

இதனைப் பேணுதல் அந்நிய ஆட்சியைப் போற்றுதலாகாது. அம்மாளிகை நோர்த்தின் விருப்பத்தால் எழுந்தது. இக்கடலின் முத்தை நோக்கி எழுந்தது. பெயர் எழுதப்படாத கொத்தரின் கையால் எழுந்தது. ஊரவரின் கற்பனையால் மீண்டும் ஒருமுறை கட்டப்பட்டது. இந்நான்கில் முதலாவது மாத்திரமே ஏடுகளில் உள்ளது. ஏனைய மூன்றுக்கும் சான்றாக இன்று எஞ்சியிருப்பவை அக்கரையின் செங்கற்களும் அவ்வூர் முதியோரின் நினைவுமே. அவை மறையுமுன் பதிவு செய்யப்படுமாயின், வன்னிப் பெருநிலத்தின் வரலாறு வென்றவர் எழுதிய வரலாறாக மாத்திரம் நின்றுவிடாது.